வைரம் பாய்ந்த மரத்துக்குப் பூச்சு எதற்கு?

கையால் கடைந்தெடுக்கப்படும் மரப் பேனாக்களைப் பற்றி அத்தொழிலில் ஈடுபட்டோரிடையே ஓர் அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றிவிட்டது. மரம் எதுவாயினும், அது வெளுத்த மேப்பிளாக இருந்தாலும் சரி, கன்னங்கரேலென்ற கருங்காலியாக இருந்தாலும் சரி, கடைசல் முடிந்த கையோடு அதன்மேல் சயனோஅக்ரிலேட் என்னும் அவசரப் பசையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு தடவை பூசி, அதை உப்புத்தாளால் தேய்த்து, பஃப் சக்கரத்தில் கொடுத்துப் பளபளவென்று மின்னும் ஓர் உறையாக்கினால் அல்லாமல் அந்தப் பேனா முற்றுப்பெற்றதாகாது என்பதே அந்த அபிப்பிராயம். புதிதாகத் தொழில் பழக வருகிறவனுக்கு உளி பிடிப்பதற்கு அடுத்தபடியாக இதுவே போதிக்கப்படுகிறது; பேனா வாங்க வருகிறவரும் முதலில் இந்தப் பளபளப்பைப் பார்த்தே விலையை மதிக்கப் பழகிவிட்டார். வெளுத்த மரங்களுக்கு இது பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருங்காலி, ஈட்டி, தான்சானியாவில் ம்பிங்கோ என்று வழங்கும் ஆப்பிரிக்கக் கருமரம் ஆகிய வைரம் பாய்ந்த மரங்களைப் பொறுத்தமட்டில் இந்தப் பூச்சு அவசியமற்றது என்பதோடு, அம்மரங்களின் சுபாவத்துக்கே விரோதமானது என்பதையும் நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்க்கட்சியாரின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு எடுத்துரைப்பது நியாயம். அவர்கள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். மரம் தானாகப் பிரகாசிக்காது. பிரகாசத்தைத் தருவது பூச்சே என்பது முதலாவது. பேனா நாள்முழுதும் கையில் புழங்கும் பொருளாகையால் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் மரத்துக்குள் இறங்காதபடி தடுக்க ஒரு கவசம் வேண்டும் என்பது இரண்டாவது. கருங்காலி வெடிக்கும் இயல்புடைய மரம். காற்றின் ஈரம் அதில் ஏறுவதையும் இறங்குவதையும் பூச்சு தடுப்பதால் வெடிப்பும் நின்றுபோகும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் கேட்ட மாத்திரத்தில் யுக்தமாகவே தோன்றும். ஒவ்வொன்றையும் மரத்தின் அருகே கொண்டுவைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பலவீனம் புலப்படுகிறது.

பிரகாசத்திலிருந்து தொடங்குவோம். ஒரு பரப்பு மின்னுவதும் மங்குவதும் அதன் மேடுபள்ளங்களைப் பொறுத்தவை. வெளுத்த, இலேசான மரங்களில் நார்களின் உள்ளே வெற்றிடம் மிகுதி. எவ்வளவு தேய்த்தாலும் அந்த வெற்றிடங்களின் வாய்கள் திறந்தே இருப்பதால், அவற்றில் விழும் ஒளி நாலாபுறமும் சிதறிப்போகிறது. ஆகவே அங்கே ஒரு திரவத்தை ஊற்றிப் பள்ளங்களை நிரப்பி, அதன்மேல் புதிதாக ஒரு சமதளத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. கருமரங்களின் அமைப்போ வேறு. அவற்றின் நார்ச்சுவர்கள் தடித்தவை; நுண்துளைகள் சிறியவை, சொற்பமானவை; வைரப் பகுதியில் உள்ள வெற்றிடங்களைக் கரிய பிசின் போன்ற பொருள் பல்லாண்டுக் காலமாக நிரப்பிவைத்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கருமரம் கன மீட்டருக்கு 1,200 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். மனிதன் பசையை ஊற்றிச் செய்ய நினைக்கும் காரியத்தை மரம் தன் ஆயுட்காலத்திலேயே தனக்குள் செய்துமுடித்துவிட்டிருக்க, அதன்மேல் மறுபடியும் ஒரு பூச்சை ஏற்றுவது செய்த வேலையையே திரும்பச் செய்வதாகும். இத்தகைய மரத்தை நேர்த்தியாகத் தேய்த்தால், எந்தப் பொருளையும் தடவுவதற்கு முன்பே அது மின்னத் தொடங்கிவிடுகிறது என்பது பிரத்தியட்சம்.

அந்த மின்னல் வேறு, பசையின் மின்னல் வேறு என்பதையும் கவனிக்கவேண்டும். பசையுறை போர்த்த கருங்காலிப் பேனாவைச் சன்னலோரம் எடுத்துச்சென்று பாருங்கள். சன்னல் கம்பிகளின் பிம்பம் அதன்மேல் கூர்மையாகத் தெரியும். ஆனால் அந்தப் பிம்பத்துக்கு அடியில் இருக்கும் மரம் தெரியாது. கருங்காலியின் ரேகைகள் கருமைக்குள் ஓடும் கரும்பழுப்புக் கோடுகள், மிக மெல்லியவை. மேப்பிளின் அலையலையான ரேகைக்கு ஆழத்தைக் கொடுக்கும் அதே உறை, இந்த மெல்லிய கோடுகளை மேற்பரப்பின் ஒளியிலே மூழ்கடித்துவிடுகிறது. தேய்த்து மெருகேற்றிய கருங்காலியிலோ பிம்பம் சற்று மென்மையாக விழுவதால், ரேகையும் ஒளியும் ஒருங்கே கண்ணுக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது வாதம் வியர்வையைப் பற்றியது. இதற்குப் பதில் தேடிப் பேனாத் தொழிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; பேனாவைவிடப் பன்மடங்கு கடுமையாகக் கைபடும் கருமரப் பொருள்கள் நூற்றாண்டுகளாக உலகில் இருக்கின்றன. வயலினைப் பாருங்கள். அதன் உடல் ஸ்புரூஸ், மேப்பிள் என்னும் வெளுத்த மரங்களால் ஆனது. அந்த உடலுக்கு வார்னிஷ் பூசுவதில் வயலின் செய்பவர்கள் காட்டும் சிரத்தை உலகப் பிரசித்தம். ஆனால் அதே வயலினில் விரல்கள் நேராகப் படிகின்ற விரற்பலகை கருங்காலியால் ஆனது. அதற்கு அவர்கள் வார்னிஷ் பூசுவதில்லை. நம்முடைய கச்சேரி மேடைகளில் கமகத்துக்காக விரல்கள் மேலும் கீழும் ஓயாமல் வழுக்கியோடுவதும், மணிக்கணக்காக வியர்வை படிவதும் அந்தப் பூச்சற்ற பலகையின்மீதுதான். பூச்சுக் கலையில் தேர்ந்தவர்களே, எந்த இடத்தில் கை மிகுதியாகப் படுகிறதோ அந்த இடத்தைப் பார்த்துப் பூச்சில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றால், அதை அலட்சியத்தால் விட்டதாக எவரும் சொல்லமாட்டார். கிளாரினெட்டும் ஓபோவும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்படுகின்றன. மனித மூச்சின் ஈரத்தையும் உஷ்ணத்தையும் அன்றாடம் தாங்குகிற அந்த வாத்தியங்களுக்கு எண்ணெய் ஊட்டி மெருகேற்றுகிறார்களே ஒழியப் பசையுறை போர்த்துவதில்லை. வாத்தியத்துக்குப் போதுமான பாதுகாப்பு பேனாவுக்குப் போதாது என்று சொல்வதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

அழுக்கு ஏறும் என்ற அச்சமும் வெளுத்த மரங்களிலிருந்து இரவல் வாங்கிய அச்சமே. திறந்த துளைகளுள்ள வெண்மரத்தில் கைப்பிசுக்கு இறங்கினால் அது சாம்பல் பூத்துப்போவது உண்மை. துளைகள் நிறைந்துவிட்ட கருமரத்தில் இறங்குவதற்கு இடமும் குறைவு. இறங்கினாலும் அது கருமையைக் கெடுப்பதில்லை.

மூன்றாவது வாதம் வெடிப்பைப் பற்றியது. இது மற்ற இரண்டையும்விடக் கனமானது என்பதால் இதில் சற்று நின்று விசாரிக்கவேண்டும். கருங்காலி வெடிக்கக்கூடிய மரம் என்பது மெய். பேனாவில் அந்த அபாயம் அதிகப்படுவதற்குக் காரணம், மரத்தின் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் பித்தளைக் குழாய். ஈரம் குறையும்போது மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது. பித்தளை ஈரத்துக்கு அசைவதில்லை. ஏழு மில்லிமீட்டர்க் குழாயின்மேல் கடைந்த மெல்லிய பேனாவில், முனைகளில் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். சுருங்க முற்படும் அந்த மெல்லிய மரவளையம் உள்ளேயிருக்கும் குழாய்க்கு அப்பால் சுருங்க வழியில்லாமல் நீளவாட்டில் பிளந்துவிடுகிறது. இதுதான் வெடிப்பின் காரணம். இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பரிகாரமும் தெரிந்துவிடும்: முழுமையாக உலராத கட்டையைக் கடையக்கூடாது, துளையிடும்போது அவசரப்பட்டு மரத்தைச் சுடவைக்கக்கூடாது, துளையிட்ட கட்டையைச் சிலகாலம் அப்படியே வைத்திருந்து பிறகே குழாயை ஒட்டவேண்டும், உப்புத்தாளைக் கடைசலின்மேல் அழுத்திப் பிடித்து விரல் சுடும்படி தேய்க்கக்கூடாது. கருங்காலி மெதுவாக உலரும் மரம். அதன் வெட்டுமுனைகளில் மெழுகு பூசி விற்பதே அது அவசரமாக உலர்ந்து பிளந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். அந்த மெழுகைச் சுரண்டிவிட்டு அன்றே லேத்தில் ஏற்றிக் கடைபவன், பிறகு எத்தனை பூச்சுப் பூசினாலும் மரத்துக்குள் இருக்கும் ஈரத்தின் கணக்கைத் தீர்க்க முடியாது.

பூச்சு ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாமதப்படுத்துவது வேறு, தடுப்பது வேறு. மாதக்கணக்கில் நீடிக்கும் வறட்சியை எந்த மெல்லிய உறையும் வெளியிலேயே நிறுத்திவைப்பதில்லை. மேலும், உலர்ந்த சயனோஅக்ரிலேட் எளிதில் நொறுங்கும் தன்மையுடையது; அடியிலுள்ள மரம் விரிசல் கண்டால் உறையும் கூடவே விரிசல் காண்கிறது. வெறும் மரத்தில் கண்ட மயிரிழை விரிசலில் கருங்காலித் தூளை நிரப்பி ஒரு சொட்டுப் பசையால் இறுக்கித் தேய்த்துவிட்டால் அது இருந்த இடம் தெரியாது. உறையில் கண்ட விரிசலைச் சீர்செய்ய, உறை முழுவதையும் உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கிளாரினெட்டும் சிலவேளை வெடிப்பதுண்டே என்று கேட்கலாம். உண்டு, குளிர்ந்திருக்கும் கருவியின் உட்புறத்தை வெப்பமும் ஈரமுமான மூச்சு திடீரென்று விரியச் செய்யும்போது அது வெடிக்கிறது. அதனால்தான் புதுக் கருவியை நாளுக்குச் சிறிதுநேரமாக ஊதிப் பழக்குகிறார்கள். அங்கும் பரிகாரம் நிதானமே.

இனிப் பசையுறையினால் விளையும் தீமைகளுக்கு வருவோம். சயனோஅக்ரிலேட் பசையாகப் புகழ்பெற்ற பொருள். 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவரும் அவருடைய சகாக்களும் துப்பாக்கிக் குறிகாணிகளுக்கான பிளாஸ்டிக்கைத் தேடியபோது அகப்பட்டு, எதிலும் ஒட்டிக்கொள்கிறதென்று ஒதுக்கப்பட்டு, 1951இல் ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வுக்கூடத்தில் மறுபடி கவனிக்கப்பட்டு, 1958இல் பசையாகச் சந்தைக்கு வந்தது. ஒட்டவைப்பதில் அதற்கு ஈடில்லை. அந்த ஒட்டும் குணமே பூச்சு வேலையில் தொல்லையாகிறது. பேனாவின் இரு முனைகளிலும் அளவுக்காக மாட்டியிருக்கும் புஷ் வளையங்களின்மேலும் பசை படிந்து, மரத்தையும் வளையத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. வேலை முடிந்து வளையத்தைக் கழற்றும்போது முனையில் உறை சில்லுச்சில்லாகப் பெயர்கிறது. அந்தப் பெயர்ப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தாலும், பிற்பாடு ஈரம் அதன் வழியே உறைக்கு அடியில் நுழைந்து வெளிறிய திட்டுகளை உண்டாக்குகிறது. சீக்கிரம் உலரவேண்டும் என்று முடுக்கித் திரவத்தைத் தெளித்தாலோ, பசை கொதித்து நுண்குமிழிகளும் மூட்டமும் படர்கின்றன. வெளுத்த மரத்தில் இந்த மூட்டம் கண்ணுக்குப் படாமல் மறைந்துபோகலாம். கறுத்த மரத்திலோ சாம்பல் தூவியதுபோல் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆக, எந்த மரத்துக்குப் பூச்சு அவசியமே இல்லையோ அந்த மரத்தில்தான் பூச்சின் குறைகளும் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிப்பதை அத்தொழில் செய்வோர் அனைவரும் அறிவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக எனக்கு மிகுந்த வருத்தம் தருவது மற்றொன்று. ஈட்டியும் ஆப்பிரிக்கக் கருமரமும் எண்ணெய்ச் சத்துள்ளவை. அந்த எண்ணெய் இருக்கும்வரை பசை சரியாகப் பற்றாது. ஆகையால் அசிட்டோனில் தோய்த்த துணியால் மேற்பரப்பைத் துடைத்து எண்ணெயை நீக்கிவிட்டுப் பூசும்படி உபதேசிக்கிறார்கள். மரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சேர்த்துவைத்த எண்ணெயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கிருத்திரிமமான ஒரு காவலை அமர்த்துவது என்ன நியாயம்?

பிற தேசத்துக் கலைஞர்களையும் நம் நாட்டுக் கடைசல்காரர்களையும் சாட்சிக்கு அழைப்போர் உண்டு. ஜப்பானியர் எபோனைட் பேனாவின்மேல் உருஷி அரக்கை எத்தனையோ பூச்சுகளாக ஏற்றுகிறார்களே, அது கலையல்லவா என்பார்கள். ஐயமின்றிக் கலைதான். ஆனால் எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயில் பட்டால் அதன் கருமை பழுப்பாகத் திரிந்துபோகும். அந்தக் குறைக்குப் பரிகாரமாகவே 1920களில் நமிக்கி நிறுவனத்தார் அதன்மேல் அரக்கேற்றத் தொடங்கினார்கள். கருங்காலிக்கு அந்தக் குறை கிடையாது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகளைப் பாருங்கள் என்பார்கள். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்து, உராய்வின் சூட்டிலேயே அதை உருக்கி வர்ணமேற்றும் அந்த வித்தை போற்றத்தக்கதே. ஆனால் அவர்கள் கடைவது வெட்பாலை என்னும் வெளுத்த மரம். வர்ணத்தை ஏற்க வெளுப்பும், பளபளப்பைப் பெற அரக்கும் அதற்கு வேண்டியிருக்கின்றன. இந்தச் சாட்சிகள் அனைவரும் ஒரே விஷயத்தையே சொல்கிறார்கள்: பொருளின் குறையை அறிந்து பூச்சைத் தேர்ந்தெடு. குறை எதுவென்று கேளாமலே எல்லா மரத்துக்கும் ஒரே பசையைப் பூசுகிறவர் அவர்களுடைய பெயரை எடுப்பது பொருந்தாது.

பசை வேண்டாமென்றால் எண்ணெயைப் பூசிவிட்டால் போயிற்று என்று எதிர்ப்பக்கமாகச் சாய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுபவை. ஈட்டி இனத்து மரங்களில் இயற்கையாக உள்ள சில சாறுகள் இந்த இறுகலைத் தடுக்கின்றன. நாட்கணக்காகக் காத்திருந்தாலும் எண்ணெய் பிசுபிசுத்தே கிடக்கும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, ஓடும் லேத்திலேயே தேய்த்து மினுக்குகிற முறையோ கண்காட்சி மேசையில் அழகாகத்தான் இருக்கும். கைச்சூட்டிலும் வியர்வையிலும் சீக்கிரத்தில் மங்கிவிடும்.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? வேலையின் பெரும்பகுதியைத் தேய்ப்பதற்கு ஒதுக்கவேண்டும். நன்றாகத் தீட்டிய உளியால் கடைசி இழையை மெல்லியதாகச் சீவி எடுத்தபின், 320, 400, 600 என்று உப்புத்தாளைப் படிப்படியாக நுண்மையாக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியின் முடிவிலும் லேத்தை நிறுத்திவிட்டு, அதே தாளால் மரத்தின் ரேகையோடு நீளவாட்டில் கையால் தேய்க்கவேண்டும். சுழலும்போது விழுந்த வட்டக்கீறல்கள் அப்போதுதான் மறையும். கருமரம் கீறலை மன்னிக்காது. 400இல் விட்ட ஒரு கீறல் எல்லாம் முடிந்தபிறகு வெள்ளை மோதிரமாகத் தலைகாட்டும். அதன்பின் 1,500 முதல் 12,000 வரை நுண்மையேறும் துணித்தாள்களைப் பாரமில்லாத கையால் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையில் உலர்ந்த துணியால் தூளைத் துடைத்துவிடுவது முக்கியம். முந்தைய தாளின் ஒரு முரட்டுத் துகள் தங்கிவிட்டாலும் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். இறுதியில் அதே மரத்திலிருந்து உதிர்ந்த சுருள்களை ஒரு பிடி அள்ளி, சுழலும் பேனாவின்மேல் அழுத்தமாகப் பிடித்தால், மரத்தை மரமே மெருகிடும். இதற்குமேல் வேண்டியது அணுவளவு மெழுகு மாத்திரமே. தேன்மெழுகு மட்டுமானால் மென்மையால் விரல்ரேகை பதியும். பிரேசில் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகோ, பழம்பொருள்களின் பாதுகாப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட ரினைசன்ஸ் மெழுகோ ஏற்றது. அதிகம் தடவினால் துளைகளில் தங்கி வெண்புள்ளிகளாக உறைந்து நிற்கும் என்பதால், தடவியது தெரியாதவாறு தடவித் துடைத்துவிடவேண்டும். பிற்காலத்தில் மெருகு குறைந்தால், பேனாவுக்கு உடையவரே ஒரு துணியும் சிறிது மெழுகும் கொண்டு மீட்டுக்கொள்ளலாம். தந்தி உராய்ந்து பள்ளம் விழுந்த விரற்பலகையை இழைத்து மீண்டும் புதிதாக்குவதுபோல, இந்தப் பேனாவும் காலந்தோறும் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும்.

இது சிரமமான வழி என்பதே இறுதியாக மிஞ்சும் ஆட்சேபம். பசைப்பூச்சும் சிரமமில்லாத வேலையன்று என்றாலும், தேய்ப்பில் நேர்ந்த குறைகளை அது மூடிமறைத்துவிடும் என்பதில்தான் பலருக்கு அதன்பால் பிரியம். துலக்குவதற்குச் சோம்பி வெண்கலக் குத்துவிளக்குக்கு வார்னிஷ் அடித்துவைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. பளபளப்பைத்தான் வாங்குபவர் கேட்கிறார் என்பதும் ஒரு சமாதானமே. வாங்குபவருக்குப் பளபளப்பை மட்டும் காட்டிப் பழக்கியவர்கள் யார்? இரண்டு பேனாக்களையும் அவர் கையில் கொடுத்து, எழுதிப் பார்க்கச் சொல்லி, அதன்பிறகு அவர் எதைக் கேட்கிறார் என்று பார்ப்பதே நேர்மையான பரீட்சை.

இதில் அழகோடு நாணயமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், மலிவான மரத்துக்கு இரும்புச் சாயமேற்றிக் கறுப்பாக்கி, மேலே கனமாக அரக்குமெருகு ஏற்றிக் கருங்காலியின் சாயலில் சாமான்கள் செய்து குவித்தார்கள். கனத்த உறையின் அடியில் சாயமரமும் கருங்காலியும் ஒன்றுபோலவே தெரியும் என்பது அந்த வியாபாரத்தின் ஆதாரம். இன்றோ உண்மையான கருமரம் நாளுக்கு நாள் அரிதாகிவருகிறது. ஈட்டி, ஆப்பிரிக்கக் கருமரம் உள்ளிட்ட அந்த இனத்து மரங்கள் அனைத்தும் 2017 ஜனவரி 2 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுவிட்டன. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய கருங்காலியும் எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லை. பல தலைமுறைகள் நின்று வைரமேறிய ஒரு மரத்தின் துண்டை விலை கொடுத்து வாங்குகிறவருக்கு, தாம் வாங்கியது மரந்தான் என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்துகொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பசையுறை பறித்துவிடுகிறது.

ஆகவே, பேனாக் கடைசலைப் பிறருக்குக் கற்பிக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இதுவே. கருமரத்தை எடுத்துக்கொண்டு வரும் மாணவன் கையில் பசைப்புட்டியைக் கொடுக்காதீர்கள். முதல் பேனாவை அவன் எந்தப் பொருளும் தடவாமல், உளியாலும் உப்புத்தாளாலும் மட்டுமே முடித்துக்காட்டட்டும். அது மின்னாவிட்டால் எந்தப் படியில் அவசரப்பட்டான் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தப் படிக்கே திரும்பிப்போய் அங்கிருந்து மறுபடியும் தேய்க்கட்டும்.